நில்மினி மிஸ்ஸைக் கூப்பிடுவதா

2024 ஜூன் 9, ஞாயிறு

இல்லை, பொறாமை இல்லை. கொள்கை.

எழுதிவிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரே முகத்தோடு நிற்கின்றன.

காலைத் தேநீரின்போது ஸாஜித் நானா ஒரு பெயரைப் போட்டார். என் மூத்த சகோதரர், வேன் ஓட்டுபவர். கொழும்புச் செய்திகள் எங்கள் வீட்டுக்கு அவர் வழியாகத்தான் வரும். நில்மினி மிஸ். நாட்டின் கூடைப்பந்து அணிக்குத் தலைவியாக இருந்தவர். கொழும்பில் இரண்டு கழகங்களைக் கிண்ணம் வாங்க வைத்தவர். போன வாரம் விமான நிலையத்திலிருந்து நானாவின் வேனில் வீட்டுக்குப் போயிருக்கிறார்.

"இப்ப ஒரு டீமும் இல்லாம சும்மாதான் ஈக்கிறா. கேட்டா வருவா."

"எங்க?"

"எங்கயா? இங்க. ஒங்கட டீமுக்கு."

உம்மா அடுப்படியிலிருந்து தலையை நீட்டினார். "ஸுமைராட மொகத்தப் பாரு. கோச்சுக்கு ஒரு கோச் வாறா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். ஆனால் ரொட்டி இறங்கவில்லை.

ஜூன் 10

கோச் என்ற பெயரை நான் எனக்கு வைத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள்தான் அப்படிக் கூப்பிடத் தொடங்கினார்கள். இதை இன்று ஏன் எழுதிவைக்கிறேன்?

ஜூன் 12, புதன்

ஒழுங்காக யோசிக்க வேண்டும்.

எங்களுக்குப் பயிற்சி தந்த ஆசிரியர் ஹஸன் சேர் இருந்தவரை எங்கள் பெண்கள் கூடைப்பந்து அணி இருந்தது. போன வருடம் அவருக்கு மாற்றல் வந்தது. மூன்றே மாதத்தில் கலைந்துவிட்டோம். இருவருக்குக் கல்யாணம். ஒருத்தி வேலைக்கு ஜோர்தானுக்கு. மற்றவர்கள் சும்மா வராமல் விட்டார்கள். தைப்பொங்கலுக்குப் பிறகு நான் வீடு வீடாகப் போய்த் திரும்பச் சேர்த்தது எட்டுப் பேரை. பாதிப் பேர் பஜார்ப் பிள்ளைகள், பாதிப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள். ஆகஸ்டில் ரத்தினபுரிப் போட்டி. அதற்கும் போகாவிட்டால் இனி யாரும் எங்களை அணி என்று சொல்லமாட்டார்கள்.

பட்டம் வாங்கி ஒன்றரை வருடம். அரசாங்க நியமனம் வரவில்லை. வீட்டில் நான் ஒரு மகள், கடைத்தெருவில் 'படிச்சிட்டுச் சும்மா ஈக்கிற புள்ள'. விளையாட்டுத் தளத்தில் மட்டும்தான் நான் ஒரு ஆள்.

சரி. எழுதியாயிற்று. ஆகவே பொறாமையும் உண்டு.

ஜூன் 13

மாலை பயிற்சிக்குப் பிறகு கூட்டம். தோட்டத்தை நிர்வகிக்கும் துரை, பெரிய பெயர் ஒன்று வருமானால் கம்பனி செலவைப் பார்க்கும் என்று சொல்லியிருக்கிறாராம். பெரிய பெயர் இல்லாவிட்டால்? அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

நான் பேசினேன். ஒருவரை நம்பி நின்ற அணி அந்த ஒருவர் போனதும் விழுந்தது, பார்த்தோம். மறுபடி ஒரு பெயரின் கீழே போய் நிற்க வேண்டுமா? நாமே நிற்கப் பழகவேண்டாமா? நன்றாகத்தான் பேசினேன். நுஸ்கா — சாச்சியின் மகள், எனக்குத் தங்கை முறை, பதினெட்டு வயது, நாக்குக்கு மட்டும் நாற்பது — ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்:

"நீங்களும் ஒருத்தர்தானே ராத்தா. நாளைக்கி ஒங்களுக்குப் புத்தளத்துல நியமனம் வந்தா?"

நான் பந்தைப் பைக்குள் போட்டேன். 

ஷாமிளா வேறு ஒன்று சொன்னாள். அவள் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறாள், எங்களில் உயரமானவள். "யாரு சொல்லிக் குடுத்தாலும் சரிதாங்க அக்கா. ஆனா மிஸ்ஸு டிவியில வந்தவங்க. அவங்க வந்தா எங்கப்பா ஞாயித்துக்கெழமயில விட்டுருவாரு. நீங்க கூப்புட்டா, 'அந்தப் புள்ளைக்கு வேற வேல இல்லையா'ங்கிறாரு."

கோபமே வரவில்லை. அவள் அப்பா கேட்பது நல்ல கேள்வி.

முடிவு: ஒரு நாள் வந்து பார்க்கட்டும். பிறகு கை தூக்குவோம்.

ஜூன் 17

ஹஜ்ஜுப் பெருநாள். வட்டிலப்பம். அணியைப் பற்றி நினைக்கவில்லை. இரண்டு தடவை தவிர.

ஜூன் 20

எங்கள் ஆட்டத்தைப் பற்றி அவருக்கு விளக்க ஒரு பக்கம் எழுதினேன். கிழித்தேன். மறுபடி எழுதினேன்.

நாங்கள் தூரமாகப் பந்து எறிவதில்லை. கையிலிருந்து கைக்கு, இரண்டடி, மூன்றடி. பார்க்கிறவர்களுக்கு மெதுவாகத் தெரியும். ஆனால் அதில் ஒரு தன்மை இருக்கிறது — நெருக்கம். ஒருத்தி மற்றவளின் மூச்சுக் கேட்கும் தூரத்தில் நிற்பது. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களின் வாழ்க்கையிலிருந்தும் பஜார் வீடுகளின் ஒட்டுச் சுவர்களிலிருந்தும் வந்த ஆட்டம். நான் அதற்கு 'நெருக்கத்தின் ஆட்டம்' என்று பெயர் வைத்திருக்கிறேன். கொழும்பிலிருந்து வருகிறவர் முதலில் உடைக்கப்போவது இதைத்தான்.

நல்ல பந்தி. சிங்களத்தில் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

சிரித்துச் சிரித்து வயிறு நோகிறது. ஒழுங்காக எழுத முடியுமா பார்க்கிறேன்.

நில்மினி மிஸ் வந்தார். வெள்ளைச் சப்பாத்து, வெள்ளைக் காற்சட்டை, கூலிங் கிளாஸ். நானா வேன் கதவைத் திறந்த விதத்தைப் பார்த்தால் மந்திரி வந்ததுபோல. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் வேலுசாமி மாலையோடு நின்றார், பேசவும் தொடங்கினார்: "வலைப்பந்தாட்டத்தின் மகாராணியே..." வலைப்பந்து இல்லை, கூடைப்பந்து. யாரும் திருத்தவில்லை. மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது. மாலையோடு அழகாகச் சிரித்துக்கொண்டிருந்தார். தலைவர் இரண்டு தடவை முடித்து மூன்று தடவை தொடங்கினார்.

எங்கள் தளம் வெள்ளைக்காரத் துரைமாரின் பழைய டென்னிஸ் தளம். மலையில் வெட்டியது, அதனால் ஒரு பக்கம் சரிவு. அந்தப் பக்கத்து வேலி எப்போதோ விழுந்துவிட்டது. கீழே ரப்பர் மரங்கள், புதர், இந்த மழைக்கு ஈரம்.

மிஸ் எங்களை விளையாடச் சொல்லிப் பார்த்தார். நெருக்கத்தின் ஆட்டம் நடந்தது. கையிலிருந்து கைக்கு. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். விசிலை ஊதினார்.

"ஏன் யாரும் தூர எறிவதில்லை?" சிங்களத்தில் கேட்டார். "அந்த உயரமான பிள்ளை வளையத்தடியில் தனியாக நிற்கிறாள். எறியுங்கள்!"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பந்தை வாங்கி எறிந்தார். என்ன எறி! ஷாமிளா அப்படி ஒரு பந்தை இதுவரை வாங்கியதில்லை. கை நீட்டினாள், விரலில் பட்டது, பந்து சரிவில் குதித்துக் குதித்து ரப்பருக்குள் போயிற்று.

"எடுத்து வாருங்கள்," என்றார் மிஸ்.

எட்டுப் பேரும் அசையவில்லை. ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள். நுஸ்கா வானத்தைப் பார்த்தாள். என் காலும் அசையவில்லை — அதை நான் கவனித்தேன்.

மிஸ்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது. என்ன ஒழுங்கு இது என்று தானே இறங்கினார். "மிஸ், எப்பா!" — வேண்டாம் — என்று ஷாமிளா சிங்களத்தில் கத்தினாள். கேட்கவில்லை. பந்தோடு ஏறி வந்தார், பெருமையாக. இரண்டு அடி நடந்தார். காலைக் குனிந்து பார்த்தார்.

"கூடெல்லோ!"

அட்டை. சப்பாத்துக்குள், காற்சட்டையில், ஒன்று முழங்காலுக்கு மேலேயே ஏறிவிட்டது. நாட்டு அணியின் முன்னாள் தலைவி ஒற்றைக் காலில் குதித்தார். மாலை ஒரு பக்கம் பறந்தது. ஷாமிளா சவர்க்காரத் துண்டோடு ஓடினாள். அட்டையைக் கழற்ற அது எப்போதும் அவள் பையில் இருக்கும். நாங்கள் சுற்றி நின்று பிடுங்கினோம். "அசையாதீங்க மிஸ், இன்னும் மூணு ஈக்கி," என்று நுஸ்கா சொல்ல, மிஸ் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சிரித்தார். அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை.

அங்கேதான், கையில் ஒரு அட்டையோடு, எனக்கு விளங்கியது.

லயமும் இல்லை, ஒட்டுச் சுவரும் இல்லை. அட்டை. பந்து கீழே போனால் எறிந்தவள் இறங்கவேண்டும். அதனால் யாரும் எறிவதில்லை. அதையே பழகி, சமமான தளத்திலும் எறியாமல் விட்டு, போன வருடம் ரத்தினபுரி மண்டபத்தில் அப்படியே தோற்றோம். நான் அதற்குப் பெயர் வைத்தேன். ஒரு பக்கம் எழுதினேன்!

அட்டைப் பயத்தின் ஆட்டம்.

ஜூன் 24

நேற்று எழுதியதை வாசித்தேன். மறுபடி சிரிப்பு. பிறகு கொஞ்சம் சிரிப்பில்லை.

ஐந்து மாதம் அவர்களோடு நின்றேன். நானும் எறியவில்லை, நானும் இறங்கவில்லை. அதனால்தான் தெரியவில்லை. கெட்டிக்காரத்தனம் குறைவு என்பதல்ல. நானும் அதே காலோடு நின்றேன். அட்டையைத் தெரியாத ஒரு ஆள் வரவேண்டியிருந்தது.

அதற்குப் பெரிய பெயர்தான் வேண்டுமா? வேண்டியதில்லை. யார் வந்திருந்தாலும் போதும். ஆனால் வந்தது அவர். அட்டை கடித்த பிறகும் சாயங்காலம்வரை நின்றதும் அவர்.

ஜூன் 26

நில்மினி மிஸ் நானாவின் போனுக்கு எடுத்தார். ஞாயிறுகளில் மட்டும் வரலாமாம். ஒரு நிபந்தனை: சரிவுப் பக்கம் முழுவதும் வலை.

"எங்களப் புடிச்சிருக்கு போல," என்றேன்.

"இல்ல, அட்டைக்கி அவட கால் புடிச்சிருக்கு," என்றார் நானா.

ஜூன் 27, வியாழன்

கை தூக்கும் நாள். இரவெல்லாம் ஒரு பேச்சு தயார் செய்திருந்தேன். பேசவில்லை. இரண்டு விஷயம் மட்டும் சொன்னேன்.

ஒன்று: மிஸ் வரட்டும்.

இரண்டு: அவர் ஞாயிறு மட்டும்தான். கிழமை நாட்களில் பயிற்சியை நான் நடத்தமாட்டேன் — ஒவ்வொரு நாளும் ஒவ்வொருத்தி நடத்தட்டும். மிஸ் போனாலும் நான் போனாலும் அடுத்த நாள் யாராவது விசில் ஊதவேண்டும்.

 ஷாமிளாவின் முகம் வாடிவிட்டது. "எங்க மேல கோவமாக்கா?"

"இல்லடி."

"அப்ப நாங்களா ஊதுறது? சும்மா சொல்லாதீங்க அக்கா, எனக்கு ஊத வராது."

நுஸ்கா முதலில் கையைத் தூக்கினாள். பிறகு எல்லாரும். நானும் தூக்கினேன். கை கொஞ்சம் கனத்தது. பரவாயில்லை.

வீட்டுக்கு வந்து சோறு நன்றாகச் சாப்பிட்டேன். இதை எழுதிவைக்க வேண்டும்.

ஜூலை 7

நாற்று மேடைக்குப் போடும் பச்சை வலை. வேலுசாமி தலைவர் துரையோடு பேசி வாங்கிக் கொடுத்தார். ஷாமிளாவின் அப்பா கம்பு நட்டார். என்னைப் பார்த்து, "ஏம்மா, இந்த வேலையத்தான் ஆறு மாசமா செஞ்சிருக்கணும்," என்றார். ஆமாம் என்றேன்.

ஜூலை 11

நுஸ்காவின் முறை. எங்களை ஓட ஓட விரட்டினாள். "ஸுமைரா ராத்தா, நடக்கிறதுக்கு வந்தீங்களா?" ஆறு மாதம் நான் சொன்ன அதே வார்த்தைகள், என் குரலிலேயே. எவ்வளவு எரிச்சலான குரல்!

ஜூலை 16

இன்று ஷாமிளா ஊதினாள். முதல் மூன்று தடவை காற்றுதான் வந்தது. நான்காவதில் பக்கத்துப் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜூலை 28

மிஸ் கடுமை. ஒரே எறியை நாற்பது தடவை செய்ய வைக்கிறார். தமிழில் மூன்று சொற்கள் கற்றிருக்கிறார்: எறி, ஓடு, அட்டை. கெட்ட எறி எறிந்தால் மூன்றாவதைச் சொல்கிறார்.

என்னிடம் தனியாகச் சொன்னார்: எனக்குப் பார்வை நன்றாம், கால் மெதுவாம். எவ்வளவு சரி. கொஞ்சம் வலித்தது. ஐந்து நிமிடம்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு. ரத்தினபுரி

முதல் ஆட்டத்தில் வென்றோம். இரண்டாவதில் நாலு புள்ளியில் தோற்றோம். போன வருடம் முப்பதுக்கு மேல்.

இரண்டாவது ஆட்டத்தின் பாதியில் மிஸ் விரலால் கூப்பிட்டார். என்னை வெளியே எடுத்து, என் இடத்துக்கு நுஸ்காவை விட்டார். உட்கார்ந்தேன். இதற்குத்தான் ஜூன் மாதம் முழுவதும் பயந்தேன் என்று நினைவு வந்தது. அதை நினைத்துக்கொண்டிருக்க நேரமில்லை, நுஸ்கா பந்தை வாங்கிவிட்டாள். ஷாமிளா தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். நுஸ்கா எறிந்தாள். மண்டபத்தின் முழு நீளத்துக்கும். ஷாமிளா வாங்கினாள், போட்டாள்.

நான் உட்கார்ந்திருந்த வாங்குப் பலகையின் மேலே ஏறி நின்று கத்தினேன். பிறகு கடைசிவரை இறங்கவில்லை.

திரும்பி வரும்போது வேனில் எல்லோரும் பாட்டு. எனக்குக் குரலே இல்லை. வீட்டுக்கு வந்து இஞ்சி தட்டிப் போட்டு ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் படுத்தேன்.