பதினெட்டு எழுத்துக் கம்ப்யூட்டர்

மாட்டுங்கா,
வியாழக்கிழமை

சிரஞ்சீவி அனந்துக்கு அம்மாவின் ஆசீர்வாதம். நாங்கள் இருவரும் சௌக்கியம், அப்பாவின் வலது கண் மட்டும் கட்டுப் போட்டுக்கொண்டு சௌக்கியமாகிக்கொண்டிருக்கிறது. உனக்கு அங்கே குளிர் எப்படி, காதை மூடிக்கொண்டு போகிறாயா? போனில் சொன்னால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், எழுத்துக் கூட்டியாவது முழுக்கப் படி.

திங்கட்கிழமை நம் வடாலா ஆபீஸில் நடந்த கூத்தைக் கேள். புது ரவுட்டர் வந்த நாளிலிருந்து கம்ப்யூட்டர்களின் எண்களெல்லாம் மாறிப்போய், பெரிய கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைலை யாராலும் திறக்க முடியவில்லை. அப்பாவுக்கு ஆபரேஷன் ஆகி நாலே நாள், தூசி பட்டால் கண் போய்விடும் என்று டாக்டர் அத்தனை தூரம் சொல்லியும், பதினோரு மணிக்குள்ள சரியாகலைன்னா நானே டாக்ஸி பிடிச்சு வந்துடுவேன் என்று ஒற்றைக் கண்ணால் மிரட்டினார். வந்தால் மேஜைக்கு அடியில் தவழ்ந்து வயரைப் பிடுங்காமல் விடுகிற மனுஷனா அவர்?

நீ அனுப்பிய பெட்டியைச் சொருகினேன். பெயரைக் கேட்டால் எண்ணைச் சொல்லும் பெட்டி, ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் இனிமேல் இதனிடம் கேள் என்று எழுத வேண்டும், அவ்வளவுதானே, எழுதிவிட்டேன். பிறகு பெரிய கம்ப்யூட்டரின் பெயரைத் தட்டிச் சரிபார் என்று சொல்லியிருந்தாய். படவா, அதற்கு அப்பாவின் முழுப் பெயரை வைத்தது நீதானே? கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம், ரேஷன் ஆபீஸில்கூட எழுதித்தான் காட்டியிருக்கிறேன். நீ சிரிப்பாய், எனக்கே சிரிப்புதான், ஆனால் நாக்கு வரவில்லையே, என்ன செய்ய? போன மாதம் வேலைக்குச் சேர்ந்த நஸீரா, தாராவிப் பெண், கீபோர்டில் கை வைத்துக்கொண்டு என்ன பேரு மாமி என்றாள். வி, ஈ, என், கே என்று பதினெட்டு எழுத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன், நாலு கம்ப்யூட்டருக்கு நாலு தடவை. எம்மாடி, இதுக்கு நம்பரே சின்னதால்லா இருந்துச்சு என்றாள்.

எண் சரியாக வந்தது. ஆனால் அந்த எண்ணில் இருக்கிறாயா என்று கூப்பிட்டுப் பார்க்கிற பிங் அடித்தால் பதில் இல்லை. பெட்டி இன்ன இடம் என்று காட்டுகிறது, அந்த இடத்தில் ஆளைக் காணோம். மணி பத்தே முக்கால், போனில் அப்பா செருப்பு போட்டாச்சு என்கிறார். நஸீராதான் கேட்டாள், அந்தா இருக்க பெரிய கம்ப்யூட்டரை நீங்க தொடவே இல்லியே மாமி என்று. எனக்குச் சுருக்கென்றது. அது அப்பாவின் மேஜை. அவர் நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை, நானும்தான், அன்றைக்கும் எல்லா மேஜைக்கும் போன நான் அதை மட்டும் சுற்றிக்கொண்டு போயிருக்கிறேன். நீ பெட்டியோடு அனுப்பிய பட்டியலில் குறித்த எண்ணை அதற்குப் போடவேயில்லை!

உட்கார்ந்தேன். உடம்பு கூசியது, எழுந்துவிடலாமா என்றுகூட இருந்தது. எண்ணை மாற்றினேன். வருது மாமி, வருது என்று நஸீரா குதித்தாள். போனில் அப்பா, லிஃப்ட் வந்துடுத்து என்றார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, வேங்கடசுப்ரமணியன் பதில் சொல்லியாச்சு, நீங்க பேசாம ஆத்துக்குள்ள போங்கோ என்று ஆபீஸே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டேன். அந்தப் பக்கம் லிஃப்ட் கதவை இழுத்துச் சாத்துகிற ஓசை மட்டும் கேட்டது. அப்புறம் மெதுவாக, ஷ்யாமளா, சரியா கேக்கலை, இன்னொரு தரம் சொல்லு என்றார்.

போனை வைத்துவிட்டேன், வெட்கமாகப் போய்விட்டது இந்த வயதில். அவர் சமர்த்தாக வீட்டுக்குள் போய்விட்டார், கண்ணும் பிழைத்தது. ஆனால் அன்றிலிருந்து தினமும் பதினோரு மணிக்குப் போன் வருகிறது. பெரிய கம்ப்யூட்டர் வேலை செய்யறதா என்பார். செய்யறது என்பேன். எதுன்னு பேரைச் சொன்னாத்தானே தெரியும் என்பார். நேற்று நஸீரா டீ குடிக்கப் போன நேரம் பார்த்துச் சொன்னேன்.

வேளைக்குச் சாப்பிடு, நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு இரு. ஒன்று மறந்துவிட்டேனே, பெயர் ரொம்ப நீளம், சின்னதாக மாற்றிவிடுகிறேன் என்று மெசேஜ் போட்டிருந்தாய். அதில் கை வைக்காதே.

உன் அம்மா,
ஷ்யாமளா