இரண்டு கதவு அலமாரி

பரிதாபி வருஷம், ஆவணி 4

இன்றைக்கும் அலமாரியைக் காலி செய்து மறுபடி அடுக்கினேன். சரிப்படவில்லை. மிளகாய்ப் பானை நின்றால் புளிப்பானை நிற்காது. புளிப்பானையை உள்ளே தள்ளினால் கதவு சாத்தாது. திறந்து கிடக்கிற கதவு ஆட்டுரலில் இடிக்கிறது. மூலை மாடத்துக்குள் போன கை திரும்பி வர மாட்டேன் என்கிறது. அடுப்புக்கு மேல் தட்டில் எதை வைத்தாலும் மறுநாள் கரி. இதுவா அடுக்களை? புறாக்கூடு!

சாமான் போட்டு வைக்கிற அரங்காக இருந்த அறை இது. பாகம் பிரித்துச் சீட்டுக் குலுக்கினதில் பெரிய அடுக்களை என் ஓர்ப்படியாள், கொழுந்தன் பெண்சாதி பாலம்மாளுக்குப் போயிற்று. அரங்கு எனக்கு. இரண்டுக்கும் நடுச்சுவரில் இந்த அலமாரி. மாமியார் வைத்தது. அரங்குப் பக்கம் ஒரு கதவு, அடுக்களைப் பக்கம் ஒரு கதவு. இங்கன வைத்து அங்கன எடுப்போம். பாகத்தன்று பெரியவர்கள் முன்னால் பாலம்மாள் சொன்னாள், "அலமாரியிலயும் பாதி எங்களுக்கு உண்டும்." பெரியவர்கள் நடுவில் ஒரு பலகையை நிறுத்திவிட்டார்கள். இப்போது ஆளுக்கு ஒரு சாண் ஆழம். ஒரு சாணில் என்ன வைப்பது, சாம்பிராணிக் கரண்டியா?

ஆவணி 9

பேத்தி வடிவின் மாமியார் நீலாம்பாள் அம்பாசமுத்திரத்திலிருந்து ஆள் அனுப்பியிருக்கிறாள். வடிவுக்கு வளைகாப்பு முடிந்ததும் நாம் அழைத்து வருவதாகப் பேச்சு. அதற்கு முன்னால் வந்து வீட்டைப் பார்க்க வேண்டுமாம். "பாகம் பிரிஞ்சு இடம் ரொம்பச் சுருக்கமாமே, பிள்ளை இங்கனயே பேறுகாலம் பாத்துக்கிடட்டுமே" என்று சொல்லிவிட்டாள்.

தாயில்லாப் பிள்ளை. தலைப் பிரசவம். அதை நான் பார்க்காமல் யார் பார்ப்பது? தாய் போன பிறகு வடிவு பாலம்மாள் இடுப்பில்தான் கிடந்தாள் — அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக?

ஆவணி 10

மறுபடி அடுக்கினேன். பரணில் தலை இடித்து வீங்கிவிட்டது.

ஆவணி 13

மகன் ஆவுடைநாயகத்திடம் சொன்னேன், அந்தப் பலகையை எடுத்துப் போடு என்று. "பெரியவுக பேசி வச்ச பலகைம்மா. நான் கை வைக்க மாட்டேன். சித்திகிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்கிறான்.

நானா? அவளிடமா? அவள் கல்யாணம் ஆகி வந்த புதிது. மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு நான் வைத்த தேங்காய்ப்பால் சொதியை வாயில் வைத்துவிட்டு, "தண்ணியால்லா இருக்கு" என்று தன் தங்கச்சியிடம் சொன்னவள். பச்சைக் கரை போட்ட மஞ்சள் சேலை கட்டியிருந்தாள். இரண்டாம் பந்தியில் தூணிலிருந்து மூன்றாவது இலை. முப்பது வருஷம் ஆயிற்று. நான் மறப்பேனா?

"பேறுகால மருந்து கிண்ட உருளி வைக்க இடமில்லாமப் பண்ணிட்டாளே பாவி! பிள்ளை வராமப் போனா அவ மனசு குளுந்துரும்" என்று சத்தம் போட்டேன். பலகை வழியாக எல்லாம் அந்தப் பக்கம் கேட்கும். கேட்கட்டும்.

பெரிய உருளியும் அவள் பங்குக்குத்தானே போயிற்று.

ஆவணி 17

எத்தனை தடவைதான் அடுக்குவது. பாதிச் சாமானைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். எலி.

ஆவணி 20

இன்றைக்கு நடந்ததை எழுதி வைக்க வேண்டும்.

நீலாம்பாள் வந்தாள். முன்பக்கத்துப் பட்டாசலில் உட்காரவில்லை, நேரே அடுக்களைக்குத்தான் வந்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். மூலை மாடத்தை எட்டிப் பார்த்தாள். "மதினி, தப்பா எடுத்துக்கிடாதிய. பச்சைப் புள்ளைக்காரிக்கு மருந்து கிண்ட, வெந்நி போட, பத்தியம் வைக்க — இதுக்குள்ள எங்கன நின்னு செய்விய?" என்றாள்.

"இது என்ன அலமாரியா?" என்று கதவை அவளே இழுத்துத் திறந்தாள்.

பலகை இல்லை.

அடித்தட்டில் பெரிய உருளி, புளி போட்டுத் துலக்கி மினுமினு என்று. காலையில் நான் திணித்து வைத்த பானைகள் பக்கத்தில் ஒழுங்காக நிற்கின்றன. நடுத்தட்டில் சுக்கு, மிளகு, திப்பிலி, கருப்பட்டி. மேல்தட்டில் இடது ஓரம் ஓமம், வலது ஓரம் நல்லெண்ணெய்ப் பரணி. மாமியார் வைக்கிற வரிசை. அந்த வரிசை தெரிந்தவர்கள் உயிரோடு இரண்டே பேர். ஒருத்தி நான்.

நீலாம்பாள் ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்தாள். "எல்லாம் தயாரா வச்சிருக்கியளே மதினி! முதல்லயே சொல்லக்கூடாதா?"

"சொல்லுததுக்கு என்ன இருக்கு" என்றேன். வேறு என்ன சொல்வேன்?

அந்தப் பக்கத்துக் கதவு பைய சாத்துகிற சத்தம் கேட்டது.

ஆவணி 21

வடிவை அனுப்பச் சம்மதம். பாலம்மாளிடம் நான் ஒன்றும் பேசவில்லை. என் சாமானில் கை வைக்க அவளுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

பலகையை என்ன செய்தாளோ தெரியவில்லை.

புரட்டாசி 15

வடிவு வந்த நாளிலிருந்து அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு "சின்னாச்சி, சின்னாச்சி" என்று அந்தப் பக்கத்தோடு ஒரே பேச்சு. காணாமல் போன பலகை குறுக்கே படுத்துப் புதிதாக ஒரு தட்டாகியிருக்கிறது. நேற்று பார்த்தேன். என் சின்னப் பரணிகளுக்குச் சரியான உயரம். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை.

கார்த்திகை 6

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். மருந்து அந்த உருளியில்தான் கிண்டினேன்.

கார்த்திகை 11

மத்தியானம் அலமாரித் தட்டில் ஒரு கல்சட்டி இருந்தது. வடிவுக்குப் பத்தியக் குழம்பு, அந்தப் பக்கத்திலிருந்து. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். பொறுக்க முடியவில்லை. அலமாரிக்குள் தலையை நீட்டிச் சொன்னேன், "ஏட்டி பாலம்மா, பத்தியத்துக்கு இம்புட்டு உப்பா போடுவாக?"

அந்தப் பக்கத்திலிருந்து, "உங்க சொதி மாரி தண்ணியா வைக்கச் சொல்லுதியளாக்கா?" என்றாள்.

அவளுக்கும் மறக்கவில்லை.

கதவைச் சாத்தப் போனேன். கல்சட்டி இடித்தது. சரி, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.