தராசு முள்

2019 மே 11, சனி

சுடுமைதானத்திலிருந்து வந்தவன் துப்பாக்கியைக்கூடத் துடைக்காமல் எழுத உட்கார்ந்துவிட்டேன். அறுநூறு கஜ தூரத்தில் பத்து முறை சுட்டேன். குறி அட்டையில் துளைகள் கீழிருந்து மேலாக, படிப்படியாக ஏறி நிற்கின்றன. பக்கவாட்டில் விலகலே இல்லை. ஆகவே காற்றைச் சரியாகத்தான் கணித்தேன், கையும் ஆடவில்லை. மேலும் கீழும் போனால் கோளாறு தோட்டாவில். தோட்டாவைச் செய்வது நான்.

மைதானத்தில் கூடச் சுடும் வேட் அட்டையைத் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டினான். "என்ன பெரியவரே, ஏணி கட்டுறீங்களா? எந்தக் கூரைக்கு?" அவனுக்கு நாற்பது வயது. தோட்டாவுக்கு வெடிமருந்து நிறுக்க, பொத்தானை அமுக்கினால் எண் காட்டும் தராசு வைத்திருக்கிறான்; என்னுடையது முள் தராசு. நான் இந்த வேலையை யாரிடமும் கற்கவில்லை; நிலவறையில் தனியாக உட்கார்ந்து, கெடுத்துக் கெடுத்துத் தெரிந்துகொண்டேன். மாநிலப் போட்டி ஆகஸ்டில். அன்று பார்ப்போம் யார் ஏணி கட்டுகிறார்கள் என்று.

மே 12, ஞாயிறு

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது. முதலில் பிரைமர், தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி. வேறு பெட்டி பிரித்தேன். மாலையில் சுட்டேன். அதே ஏணி.

மே 18, சனி

என் மனைவி லோர்னாவின் துப்பாக்கியிலிருந்து குறிபார்க்கும் ஸ்கோப்பைக் கழற்றி என் துப்பாக்கியில் மாட்டினேன். ஏணி. துப்பாக்கிக் கட்டையின் திருகுகளை முறுக்கினேன். ஏணி. கடைசியில் என் தோட்டாக்களை லோர்னாவின் துப்பாக்கியில் போட்டு அவளையே சுடச் சொன்னேன். என்னைவிட நன்றாகச் சுடுபவள். (இதை வேறெங்கும் சொல்லமாட்டேன்.)

அவள் அட்டையிலும் ஏணி.

"உன் துப்பாக்கி பாவம், அதை விட்டுடு" என்றாள்.

மே 25, சனி

இதை எழுதாமல் படுக்க முடியாது.

என் தோட்டாவை நான்காவது முறை சுட்டதும் லோர்னாவின் துப்பாக்கித் தாழ் திறக்கவில்லை. இறுகிவிட்டது. அவள் உள்ளங்கையால் தட்டித் திறந்தாள். வெளியே வந்த பித்தளைக் கூட்டின் அடி பளபளவென்று தேய்ந்திருந்தது. மருந்து அதிகம். நான் போட்ட மருந்து. இன்னும் கொஞ்சம் கூடியிருந்தால்? அவள் கன்னம் அந்தக் கட்டையின் மேல்தானே இருந்தது!

"ஒண்ணும் ஆகல, ஹால்வர். மூச்சு விடு" என்றாள். என்னால் விட முடியவில்லை.

வீட்டுக்கு வந்து மீதித் தோட்டா அத்தனையையும் பிரித்துப் போட்டேன். வாசலில் ஆலங்கட்டி மழை. ஒவ்வொரு சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப்போட்டது.

மே 27, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன்! தராசின் முள் வளைந்திருக்கிறது. நடுவில், கோட்டைத் தொடும் இடத்துக்குப் பக்கத்தில், சின்ன நெளிவு. எங்கோ கீழே விழுந்திருக்க வேண்டும். முள் வளைந்தால் எடை எப்படிச் சரியாக இருக்கும்? நானில்லை. தராசுதான்.

புதியது கேட்டு எழுதிவிட்டேன். அதுவும் முள் தராசுதான். வேட் சிரிக்கட்டும்.

இரவுச் சாப்பாட்டில் மான்கறித் தொத்திறைச்சியை மூன்று தடவை கேட்டு வாங்கினேன். லோர்னா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஜூன் 4, செவ்வாய்

புதிய தராசு வந்தது. அதன் முள்ளும் வளைந்திருக்கிறது. அதே இடத்தில்.

ஜூன் 5, புதன்

அப்போதுதான் உறை பிரித்த தராசு. வளைந்து வருமா?

மேசை வேலையின்போது வலது கண்ணில் கறுப்புப் பட்டை கட்டிக்கொள்வது என் வழக்கம். வலது கண் குறி பார்க்கிற கண். சிறு கோடுகளைப் பார்த்து அது களைக்கக் கூடாது. எடை பார்ப்பது எப்போதும் இடது கண்தான். இளவயதிலேயே நானாக வைத்துக்கொண்ட ஒழுங்கு. மைதானத்தில் எவனுக்கும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

இன்று பட்டையை அவிழ்த்தேன். முள் நேராகிவிட்டது. கட்டினேன். வளைந்தது. அவிழ்த்தேன்.

மேலே போய் ஜன்னலருகே நின்று வலது கண்ணைக் கையால் மூடினேன். மாட்டு வேலியின் கம்புகள் எல்லாம் நடுவில் இடுப்பொடிந்து நின்றன.

அண்ணன் ஆர்னி. அவனும் முதலில் இதைத்தான் சொன்னான். "தந்திக் கம்பத்தை எவனோ வளைச்சிட்டுப் போயிருக்கான்டா." நாங்கள் வேடிக்கையாகச் சொல்கிறான் என்று நினைத்தோம். இப்போது வந்தவரின் சட்டைத் துணியைத் தடவிப் பார்த்துத்தான் அவன் யார் என்று சொல்கிறான்.

லோர்னாவிடம் சொல்லக் கூடாது. சொன்னால் உண்மையாகிவிடும்.

ஜூன் 8, சனி

காலையில் லோர்னா நிலவறைக்கு வந்தாள். காபியை வைத்தாள், ஆனால் திரும்பிப் போகவில்லை.

"பிரைமர் மாத்தின. ஸ்கோப் மாத்தின. தராசு மாத்தின. ஒண்ணை மட்டும் மாத்தல."

"எதை?"

"ஆளை. எழுந்திரு. நான் எடை போடறேன்."

"உனக்கு என்ன தெரியும்?"

"முள்ளு கோட்டைத் தொடணும். அது கூடவா தெரியாது? நகரு, கிழவா."

பழைய தராசில், அதே மருந்தை எடை போட்டாள். மற்றது எல்லாம் நான் செய்தேன். பத்துத் தோட்டா. மதியம் சுட்டேன். பத்துத் துளையும் ஒரு காபிக் கோப்பையால் மூடிவிடலாம் போல ஒன்றாகக் கிடந்தன. வேட் தொப்பியைக் கழற்றினான். "பெரியவரே, ஏணியை எங்க வித்தீங்க?"

இவ்வளவு நல்ல அட்டையைப் பார்த்து நான் பயந்தது இதுதான் முதல் தடவை. வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் லோர்னாவிடம் சொல்லிவிட்டேன். ஆர்னியின் பேரையும் சொன்னேன். அவள் சாவியைத் திருப்பவே இல்லை.

ஜூன் 13, வியாழன்

பில்லிங்ஸ் நகரத்தில் கண் மருத்துவர். சின்னப் பெண், என் மகள் வயதுகூட இருக்காது. கட்டம் போட்ட அட்டையைக் காட்டினாள். இடது கண்ணில் நடுக்கட்டங்கள் உருகி வழிந்தன. விழித்திரைக்குள் கசிவாம். மாதம் ஒருமுறை ஊசி. கண்ணுக்குள்ளேயே.

"ரொம்ப சீக்கிரம் வந்துட்டீங்க. ஒரு கண்ணு நல்லா இருந்தா மத்ததோட கோளாறு நிறைய பேருக்குத் தெரியவே தெரியாது. நீங்க எப்படிக் கவனிச்சீங்க?"

"தோட்டா மேலயும் கீழயும் போச்சு" என்றேன்.

அவள் லோர்னாவைப் பார்த்தாள். "விளக்கினா பொழுது போயிடும்மா, நீங்க ஊசியைப் போடுங்க" என்றாள் லோர்னா.

வலது கண் சரியாக இருக்கிறதாம். இப்போதைக்கு. அந்த வார்த்தையைக் காதிலிருந்து எடுக்க முடியவில்லை. ஊசி வரும்போது கண்ணை மூட முடியாது. வருவதைப் பார்த்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். லோர்னாவின் விரலை நசுக்கிவிட்டேன்.

ஜூலை 11, வியாழன்

இரண்டாவது ஊசி. பயம் குறையும் என்றார்கள். பொய்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

நாளை மாநிலப் போட்டி. காலையில் எழுந்ததும் வழக்கம்போல ஒவ்வொரு கண்ணாக மூடி வேலியைப் பார்த்தேன். இடது கண்ணில் ஒரு கம்பு மட்டும் இன்னும் கொஞ்சம் நெளிகிறது. மற்றவை நேர். வலது கண்ணில் எல்லாம் நேர். இரண்டு தடவை பார்த்தேன். மூன்றாவது தடவை பார்க்க லோர்னா விடவில்லை.

பட்டையை அவள் எங்கோ எடுத்து வைத்துவிட்டாள். நான் கேட்கவில்லை.

நாளைக்கான தோட்டாக்கள் தயாராகின்றன. அவள் முக்காலியில், நான் பக்கத்து நாற்காலியில் இதை எழுதிக்கொண்டு. அவள் எடை போட்டுத் தர, நான் குண்டு பொருத்துகிறேன்.

"முள் நேரா இருக்கா?"

"நேரா இருக்கு."

ஒவ்வொரு தோட்டாவுக்கும் கேட்கிறேன். இதுவரை ஒருமுறைகூட அலுத்துக்கொள்ளாமல் சொல்கிறாள்.