துரை படுத்திருக்கும் மூலை

ஆவணி, வெள்ளிக்கிழமை, இரவு.

ஜலகண்டாபுரத்தில் நூல் குடோன் கட்ட நான் பேசிவைத்த நிலத்தை விற்க முடியாது என்று பாவாயி அக்கா இன்று சொல்லிவிட்டார். நிலத்தின் மூலையில் ஒரு வெள்ளைக்காரப் பட்டாளத்து அதிகாரியின் கல்லறை இருக்கிறது. லாரி திரும்ப இடம் வேண்டும், அதை எடுத்துவிடலாம் என்று நான்தான் வாயைவிட்டேன்.

சாயங்காலம் மறுபடி பேசிப் பார்க்கப் போனபோது, அக்கா கல்லறைக்கு விளக்கேற்றி, ஒரு பன்னும் சுருட்டும் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கக்கா, பொங்கல் வெக்கலாமில்ல?"

"நம்ம சோறு தொரைக்கு எறங்காதுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. மகன் காஷ்மீர் எல்லையில் பட்டாளத்தில் இருக்கிறான்.

"பட்டாளத்துக்காரனப் பட்டாளத்துக்காரருதானுங்க பாத்துக்கோணும்."

கல்லில் இருந்த ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னேன். பதினேழு வயதில் கப்பலேறி வந்து சென்னைப் பட்டாளத்தில் சேர்ந்தவர். இரண்டு போரில் காயப்பட்டு, கேப்டனாகி, இங்கே கூடாரம் போட்டிருந்தபோது காய்ச்சலில் போய்விட்டார். ஊர் திரும்பவேயில்லை.

"கலியாணம் ஆச்சுங்களா?"

"அது எழுதலீங்கக்கா."

"பாவம், எம்பையனாட்டத்தான்" என்று கல்லைத் தடவினார். நான் பேரத்தை விட்டுவிட்டு, நிலத்தை மறுபடி காலடியால் அளந்து பார்த்தேன்.

குடோன் வாசலை மேற்கே வைத்தால் லாரி திரும்பிவிடும். முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

முடிவானது: பழைய விலையேதான். மூலையும் அதற்குப் போகும் நடைவழியும் அக்கா பெயரிலேயே இருக்கும். வெள்ளிக்கிழமை கேட்டைப் பூட்டக் கூடாது. மகன் லீவில் வந்ததும் கிரயம். சுருட்டு அவருடையது, பன் என் செலவு.