கற்பூரத்தை அணைத்தீர்களா?

ஏனுங்க,

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. கடிதத்திலும் அதை மாற்றப் போவதில்லை.

முதலில் ஒரு திருத்தம். நாடாளுமன்றத் தேர்தலில் உங்களை நம்ம ஆளுக்கு எதிராக ஓட்டுப் போட வைத்தது நான்தான் என்று சங்ககிரியில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். இவருக்குப் போடுங்கள் என்று நான் உங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. யாருக்குப் போட்டீர்கள் என்பதும் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை.

இன்னொன்றும் சொல்கிறார்கள். நான் தனியாக உட்கார்ந்து டிவியோடு பேசுகிறேனாம். டிவியோடு எனக்கென்ன பேச்சு? உங்களோடு பேசுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி இன்னும் வருகிறது. அதே நடிகர், விதவிதமான மூக்குகளை ஒட்டிக்கொண்டு டெல்லி மந்திரிகள் எல்லோராகவும் வருகிறார். முதலில் எனக்கு அது கட்டோடு பிடிக்கவில்லை. ஆங்கிலப் பேப்பரில் ஒழுங்காகப் படிக்க வேண்டியதை ஒட்டு மூக்கில் பார்க்க வேண்டுமா என்று எழுந்து போனேன். நீங்கள்தான் விடவில்லை. "ஏ கான்வென்ட்டு, அக்கட்டால போகாத. இப்ப அவன் என்ன சொன்னான்? எதுக்கு எல்லாரும் சிரிக்கறாங்க?" என்பீர்கள்.

நான் விளக்குவேன். மசோதா என்றால் என்ன, நிலைக்குழு என்றால் என்ன, மாநிலங்களவைக்கு நாம் ஏன் ஓட்டுப் போடுவதில்லை. விளக்கி முடிக்கும்போது அடுத்த நகைச்சுவை பாதி போயிருக்கும். அப்போதுதான் நீங்கள் சிரிப்பீர்கள். ஊரே சிரித்து ஓய்ந்த பிறகு நம் வீட்டில் மட்டும் ஒரு சிரிப்பு தனியாகக் கேட்கும்.

இப்போதும் விளக்குகிறேன். விளக்கிவிட்டு, அந்தச் சிரிப்பு வர வேண்டிய நேரத்துக்குக் காத்திருக்கிறேன். வீட்டில் அவ்வளவு பெரிய அமைதி வேறு எப்போதும் இருப்பதில்லை.

டெல்லி என்றால் டீசல் விலை, அவ்வளவுதான் என்று இருந்தவர் நீங்கள். லாரி பட்டறையிலிருந்து வந்ததும் சோறு, தூக்கம். அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு ஆளே மாறிப்போனீர்கள். ஞாயிற்றுக்கிழமை என்னிடம் தோற்கக் கூடாது என்று வாரம் முழுவதும் பேப்பர் படிக்க ஆரம்பித்தீர்கள். நம்ம ஆளு, அதாவது உங்கள் பங்காளிகள் நிறுத்திய வேட்பாளர், ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வந்தார். மாலையைப் பிடித்தபடியே நீங்கள் அவரைக் கேட்டது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"சாமி, நீ அங்க போயி என்ன கேப்ப? லாரிக்காரன் ரோட்டோரமாப் படுத்துச் சாகறானே, அவன் தூங்கறதுக்கு எடம் வேணும்னு எந்திரிச்சுப் பேசுவியா?"

"மாமா, டிவி பாத்துப் பாத்துக் கெட்டுப் போயிட்டீங்க" என்று அவர் சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைதான் குலதெய்வக் கோயிலில் சத்தியம். ஆண்கள் மட்டும் போனீர்கள். தட்டில் கற்பூரத்தை ஏற்றி, நம்ம ஆளுக்கே ஓட்டு என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். நீங்கள் திருநீற்றோடு திரும்பி வந்தீர்கள். வாசல் குழாயில் கையைக் கழுவிவிட்டு உள்ளே வந்து, "தண்ணி குடு" என்றீர்கள். வேறெதுவும் சொல்லவில்லை. வாசலில் கை கழுவுவது உங்கள் வழக்கம்தான். ஆகையால் அதை வைத்தும் ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த நடிகர் ஒரு வாக்காளராக வந்தார். கட்சி கட்சியாகக் கற்பூரம் நீட்டுகிறார்கள். மனிதர் எல்லாவற்றையும் அடித்து அணைக்கிறார். கடைசியில் உள்ளங்கை வெந்துபோய், வாக்குச்சாவடியில் மூக்கால் பொத்தானை அழுத்தப் பார்க்கிறார். ஒட்டு மூக்கு கழன்று விழுந்துவிடுகிறது. நான் விளக்குவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் நீங்கள் சிரித்துவிட்டீர்கள். முதல் முறையாக எனக்கு முன்னால் சிரித்தீர்கள். கண்ணில் நீர் வரும் அளவுக்கு.

ஏன்? சத்தியம் செய்துவிட்டு வந்து அகப்பட்டுக்கொண்டவரின் சிரிப்பா? கையை நீட்டாமல் தப்பித்து வந்தவரின் சிரிப்பா? அப்போது நான் கேட்கவில்லை. வாக்கு ரகசியம் என்று கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்து, வேப்பமரத்தடியில் எனக்காகக் காத்திருந்தபோதும் உங்கள் முகத்தில் அதே சிரிப்பு இருந்தது. அப்போதும் கேட்கவில்லை.

ஓட்டு எண்ணுவதற்கு முன்பே நீங்கள் போய்விட்டீர்கள். உங்களை எரித்த பிறகு உங்கள் ஓட்டை எண்ணினார்கள். எங்கோ ஒரு பெட்டிக்குள் நீங்கள் சொன்ன சொல் அதுவரை உயிரோடு இருந்தது. 

நம்ம ஆளு தோற்றார். அன்றிலிருந்து ஆரம்பித்தது. கற்பூரம் அடித்த கை மாறிப் போட்டது, அதனால்தான் மாரடைப்பு என்கிறார்கள். "எண்ணறதுக்குள்ள சாமி எண்ணிருச்சு" என்று உங்கள் துக்கத்துக்கு வந்த இடத்திலேயே ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது.

போன வாரம் உங்கள் சித்தப்பா மகன், அண்ணியான என்னை நங்கை என்று கூப்பிடும் சின்னு வந்தார்.

"நங்கை, கோயில் பொங்கல் வருது. நம்ம பங்காளிக எல்லாம் கூடிப் பேசிட்டோம். ஒரு கெடா வெட்டி, 'என்ற ஊட்டுக்காரர் சத்தியம் தப்பீட்டாரு, பொறுத்துக்க சாமி'ன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லோணும். இல்லைன்னா உங்க ஊட்டுப் பானைக்கு அங்க எடமில்லைங்க."

"அவர் கற்பூரம் அடித்ததை நீ பார்த்தாயா?" என்று கேட்டேன்.

"எல்லாருந்தான் அடிச்சாங்க."

"நீ பார்த்தாயா?"

"கூட்டத்துல ஆரு கையை ஆரு பாத்தாங்க நங்கை?"

"சரி. ஓட்டை மாற்றிப் போட்டதைப் பார்த்தாயா?"

"அதெப்படிங்க பாக்க முடியும்? ஆனா அந்தக் கருமம் புடிச்ச டிவியப் பாத்துட்டு அண்ணன் கேட்ட கேள்வியெல்லாம் ஊருக்கே தெரியுமே!"

கேள்வி கேட்டதே குற்றத்துக்குச் சாட்சியாகிவிட்டது, பாருங்கள். "அவரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்றேன். சின்னு காப்பியைக் குடிக்காமலே எழுந்து, "வாரேனுங்க" என்று கிளம்பிவிட்டார். நான் டிவியோடு பேசுகிறேன் என்ற செய்தி அன்றைக்குத்தான் ஓமலூர் வரை போனது.

இதற்குப் பிறகு நடந்ததையும் எழுதிவிடுகிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை புதிய நிகழ்ச்சி இல்லை, பழையதைப் போட்டார்கள். அந்தக் கற்பூர வாக்காளர் வந்தார். மூக்கு கழன்று விழுந்தது. உங்கள் சிரிப்பைக் கேட்டேன். அதே இடத்தில், என் விளக்கத்துக்கு முன்பு, இடது பக்கத்திலிருந்து. கேட்டது போலிருந்தது என்று எழுத மாட்டேன். கேட்டேன். எழுந்து விளக்கைப் போட்டுப் பார்த்தேன். யாருமில்லை. மறுபடி உட்கார்ந்து, நிகழ்ச்சி முடியும் வரை பார்த்தேன். பயமாக இல்லை. கோபம்தான் வந்தது. சிரிக்கத் தெரிந்தவருக்குப் பதில் சொல்லத் தெரியாதா?

நம் பேத்திக்கு இந்த வருடம் ஓட்டு வந்திருக்கிறது. "அப்பத்தா, அப்பாரு சத்தியம் மீறினாரா?" என்று தன் தாத்தாவான உங்களைப் பற்றிப் போனில் கேட்கிறாள். தெரியாது என்று சொல்வது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்குத் தெரியும்.

இதை அச்சுக்குக் கொடுக்கிறேன். பங்காளிகளும் படிக்கட்டும். உங்களுக்கு நான் தரும் வாக்கு இது. சத்தியம் செய்து மீறியிருந்தீர்கள் என்றால், கிடாயைப் பிடித்துக்கொண்டு நானே போய், எல்லோர் காதிலும் விழும்படி அதைச் சொல்வேன். எனக்கு அதில் அவமானமில்லை. கையை நீட்டவே இல்லை, அல்லது சொன்ன சொல்லைக் காத்தீர்கள் என்றால், நம் பானையைத் தூக்கிக்கொண்டு போய் நம் இடத்தில் வைப்பேன். அதை எடுக்க எந்தக் கை வருகிறது என்று பார்க்கிறேன். இரண்டில் எது என்று தெரியாமல், உங்களுக்காக ஒரு பொய்யைச் சாமி முன்னால் சொல்ல மாட்டேன்.

கனவில் வந்து சொல்ல வேண்டாம். கனவை நான் சாட்சியாக ஏற்பதில்லை. சின்னுவின் கனவில் வேண்டவே வேண்டாம். பொங்கலுக்குள், தெளிவான கையெழுத்தில், கற்பூரத்தை அணைத்தீர்களா, அணைத்திருந்தால் அந்தச் சொல்லைக் காத்தீர்களா என்று எனக்கு எழுத்தில் பதில் போடுங்கள்.

உங்கள் அத்தை மகளும் மனைவியுமான,
சரோஜா