கைதட்டும் குழு

அன்புச் சின்னக்குட்டிக்கு, அம்மா ஆசையோடு எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் குமட்டுகிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி, நான்தான் அதை உடைத்த மாதிரி முறைக்கிறார். உன் அண்ணன் வந்து இரண்டு நாள் தூங்கிவிட்டுப் போனான், அதற்குப் பெயர் எங்களைப் பார்க்க வந்தானாம்.

நம் தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா, பட்டாம்பூச்சி நடனத்துக்கு உடை தைக்கும் வேலை எனக்கு வந்தது. அளவெடுக்கப் போனேன். மாடிவீட்டுப் பெயிண்டரின் மகள் இருக்கிறாளே, நீ வந்தபோது உன் வளையலைப் போட்டுக்கொண்டு தரமாட்டேன் என்று அடம்பிடித்த வாயாடி, அவளைக் கூப்பிட்டுத் தோளில் டேப்பை வைத்தேன். வாரக்கணக்கில் மாடிப்படியில் ஆடிப் பழகி என் மண்டையை உடைத்தவள் ஆயிற்றே. நடன டீச்சர் ஓடிவந்து, அவளுக்கு வேணாம்க்கா, அவ கைதட்டுற குழு என்றாள். அது என்ன குழு என்று கேட்டேன். உடைக்குப் பணம் கட்டாத பிள்ளைகளை ஆட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, கீழே தரையில் உட்காரவைத்து, எந்த இடத்தில் தட்ட வேண்டும் என்று பழக்கியிருக்கிறார்களாம். பெயிண்டர் சாரத்திலிருந்து விழுந்து கையில் கட்டோடு கிடக்கிறான், எங்கிருந்து கட்டுவான். ஒதுக்குவதற்கு ஒரு பெயர், அதற்கு ஒரு ஒத்திகை. த்தூ.

சரி, துணிதானே பிரச்சினை என்று வெட்டி மிஞ்சிய துண்டுகளை ஒட்டுப்போட்டு அந்தப் பிள்ளைகள் எல்லாருக்கும் இறக்கை தைத்துக் கொண்டுபோனேன், காசு வேண்டாம் என்றும் சொன்னேன். தலைமையாசிரியை அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் பணம் கட்டினவங்க என்னம்மா நினைப்பாங்க என்றாள், அதுவும் சிரித்த முகத்தோடு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது சும்மா இல்லை. பணம் இல்லாதது அவளுக்குக் குற்றமாகப் படவில்லை, பணம் இல்லாத பிள்ளை சந்தோஷமாக இருந்துவிடக் கூடாது, அதுதான்.

விழாவுக்கு நான் போகவில்லை. முடிந்ததும் வாயாடி நேராக என்னிடம் ஓடிவந்து உள்ளங்கை இரண்டையும் விரித்துக் காட்டினாள், செக்கச்செவேல் என்று கன்றிப்போயிருந்தது. பாருங்க அத்தை, எல்லாரையும் விட நான்தான் சத்தமா தட்டினேன், டீச்சரே சொன்னாங்க என்றாள். அவள் அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன் குட்டி, அந்தப் பெருமையைத்தான் தாங்க முடியவில்லை. இறக்கையை எடுத்து அவள் தோளில் கட்டிவிட்டேன். அவள் திரும்பிப் பார்த்து, இப்ப நான் யாருக்குத் தட்டணும் என்று கேட்டாள். நீ ஆடு, நாங்க தட்டுறோம் என்று அப்பா எழுந்து நின்றார். முழங்கால் ஞாபகமே அவருக்கு வரவில்லை.

நீயும் ஒரு டீச்சர். உங்கள் பள்ளியிலும் விழா வருகிறது, ஓய்வே இல்லை என்று போனில் சொன்னாய். குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் துணையாக நெடுங்காலம் நன்றாக இருங்கள். பதில் எழுதும்போது ஒன்றை மட்டும் மறக்காதே. பணம் கட்டாத பிள்ளைகளுக்கு உங்கள் பள்ளியில் என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்?

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா