உன் பிறப்புச் சான்றிதழில் வளர்ந்தவள்

ஒன்பது மாதத்தோடு வயது நின்றுபோன என் அன்பு அக்காவுக்கு,

உன்னை நான் பார்த்ததில்லை. நீ போய் ஒரு வருடம் கழித்துத்தான் நான் பிறந்தேன். அதனால் கண்ணீரோடு எழுதுகிறேன் என்று சொன்னால் அது பொய். ஆனாலும் உன்னை விட எனக்கு நெருக்கமானவர் யாரும் இல்லை. காலையில் வேலைக்குப் போகும்போது என் கழுத்தில் தொங்குகிற அட்டையில் என் படமும் உன் பெயரும் இருக்கின்றன.

நடந்தது இதுதான். உனக்கு வயிற்றோட்டம் கண்டபோது, நமுனுகுலப் பக்கத்தில் இருக்கும் நம் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழுந்து ஏற்றும் லொறியில் உன்னைப் பதுளைக்குக் கொண்டுபோனார்கள். பாதி வழியிலேயே நீ போய்விட்டாய். லொறி திரும்பியது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேராத பிள்ளைக்கு அங்கே இறப்புத் துண்டு எழுத யாரும் இல்லை, தோட்டத்திலும் யாரும் கேட்கவில்லை. மறுநாள் காலை உன்னை அடக்கம் செய்தார்கள். உன் பிறப்புச் சான்றிதழ் மட்டும் அம்மாவின் தகரப்பெட்டியில், சேலைகளுக்கு அடியில் இருந்தது.

பிறகு தோட்டத்து லயத்தில், எங்கள் ஒற்றைக் காம்பரா வீட்டிலேயே நான் பிறந்தேன். என்னைப் பதிய வேண்டுமே என்று பேச்சு வந்தபோது, அதுதான் ஏற்கனவே ஒன்று இருக்கிறதே என்றாராம் அப்பா. அவரை நான் குறை சொல்லவில்லை. போன வருடம் அவரும் அங்கே வந்துவிட்டார், நீயே கேட்டுக்கொள்.

பள்ளிக்கூடத்தில் முதல் மூன்று நாளும் நான் வரவில்லை என்றுதான் இடாப்பில் எழுதியிருந்தார்கள். டீச்சர் உன் பெயரைச் சொல்லி, யோகேஸ்வரி என்று கூப்பிட்டார், நான் பேசாமல் இருந்தேன். வீட்டில் எனக்கு வேறு பெயர் அல்லவா? நான்காம் நாள் அம்மா வகுப்பு வாசலில் நின்று, கையைத் தூக்கு என்று ஜாடை காட்டினாள். தூக்கினேன். எதற்கு என்று தெரியாமலே செய்துவிட்டு, யாரிடமும் கேட்காமல் இருக்க அன்றைக்குப் பழகினேன்.

உன் வயதுக்கு நான் குள்ளம். ஐந்து வயதுப் பிள்ளையை ஏழு வயது என்று தராசில் நிறுத்தால் வேறென்ன வரும்? வளர்த்தி போதாத பிள்ளை என்று மருத்துவிச்சி ஒவ்வொரு மாதமும் சத்துமா பாக்கெட் கொடுத்தார். உன் புண்ணியத்தில் நன்றாகத்தான் தின்றேன்.

அடையாள அட்டைக்கு விண்ணப்பம் நிரப்பும்போதுதான் எனக்கு உண்மை தெரிந்தது. நான் பிறந்தது அடைமழையில் என்று அம்மா சொல்லியிருந்தாள். சான்றிதழிலோ மழை ஓய்ந்த பெப்ரவரி. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்த அப்பாவிடம் கேட்டேன்.

"அது ஒங்க அக்காவோடது," என்றார்.

"எனக்கு அக்கா இருக்கா?"

"இருந்துச்சு."

அவ்வளவுதான். கத்தியைத் திருப்பி மறுபக்கம் தீட்டத் தொடங்கிவிட்டார். நான் விண்ணப்பத்தில் பெப்ரவரி என்றே எழுதினேன்.

அதன் பிறகு நான் மிகவும் நல்ல பிள்ளையாகிவிட்டேன். யாரோடும் சண்டை இல்லை. சாதாரண தரம், உயர்தரம் என்று பரீட்சை எல்லாம் உன் பெயரில் ஒழுங்காகச் சித்தியடைந்தேன். படிக்கும்போது தங்கியிருந்த விடுதியில் என் கட்டிலை ஒருத்தி எடுத்துக்கொண்டாள், வேலை கிடைத்த பிறகு எனக்கு வரவேண்டிய பயிற்சிக்கு வேறொருவர் போனார். இரண்டுக்கும் வாய் திறக்கவில்லை. பொறுமைசாலி என்று எல்லோரும் மெச்சினார்கள். அது பொறுமை இல்லை, அக்கா. கோபம் வந்த ஒருவர் என் காகிதத்தைத் தோண்டிப் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம். வளர்ந்து ஆளானவள் என்று என்னைச் சொல்கிறார்கள். பயத்தைப் பணிவு மாதிரி உடுத்திக்கொள்ளத்தான் நான் கற்றிருக்கிறேன். உனக்கு இருபத்தொன்பது வயது ஆகும்போது இதைத்தானா நீயும் கற்றிருப்பாய்?

இப்போது நான் பண்டாரவளையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் இருக்கிறேன். போன மாதம் ஹல்துமுல்லையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடமாடும் சேவை வைத்தோம். தோட்டத்து ஆட்களுக்குப் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை எடுத்துக்கொடுக்கிற வேலை. தமிழ் தெரிந்தவள் என்று என்னை முதல் மேசையில் உட்கார வைத்தார்கள்.

ஒரு அம்மா சின்னப் பிள்ளை ஒன்றோடு வந்தார். பொலித்தீன் பையிலிருந்து ஒரு சான்றிதழை எடுத்து நீட்டினார். மூத்தது தவறிவிட்டதாம். இது சும்மாதானே இருக்கிறது, இவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க இதையே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அவர் குரலில் கள்ளம் எதுவும் இல்லை. அக்காவின் சட்டையைத் தங்கைக்குப் போடலாமா என்று கேட்பது போலத்தான் கேட்டார்.

நான் பிள்ளையைப் பார்த்து, "ஒம் பேரு என்னம்மா?" என்றேன்.

அது அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தது. எந்தப் பெயரைச் சொல்வது என்று கேட்கிற பார்வை அது. மற்றவர்களுக்குக் கூச்சமாகத் தெரிந்திருக்கும். நான் சான்றிதழை மடித்து அந்த அம்மாவிடமே திருப்பி நீட்டினேன்.

"கூடாதுங்க," என்றேன். "இவளுக்குன்னு ஒண்ணு எடுப்போம்."

விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். அடியில், சரி பார்த்தவர் என்ற இடத்தில், உன் பெயரில் கையெழுத்துப் போட்டேன். அதற்கு முன் ஆயிரம் தடவை போட்டிருப்பேன், அன்றைக்குத்தான் வெட்கமாக இருந்தது.

பிறகு ஒரு தோழிக்காகக் கேட்பது போல மேலதிகாரியிடம் கேட்டுப் பார்த்தேன். செய்யலாம் என்றார். முதலில் இறந்த பிள்ளையின் இறப்பைப் பதிய வேண்டும், அதற்குத் தாய் சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் மற்றவளின் பிறப்பு. படித்த சான்றிதழ்களையெல்லாம் மாற்ற வருடக்கணக்காகும், வேலையைப் பற்றி உறுதி சொல்ல முடியாது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா தண்ணீர் விழுகிற பீலியடியில், இடுப்பில் கட்டுகிற படங்கைக் கழுவிக்கொண்டிருந்தாள். இன்னும் கொழுந்து எடுக்க மலைக்குப் போகிறாள், சொன்னால் கேட்கிற ஆளில்லை. உனக்குச் சாவு எழுத வேண்டும் என்பதை எப்படிச் சொல்வது என்று நாலு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுச் சொன்னேன். அவள் தண்ணீரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"பள்ளிக்கூடத்துல டீச்சரம்மா அவ பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க," என்றாள். "வாசல்ல நின்னு கேட்டேன். எம் புள்ளைய யாரோ கூப்பிடுறாங்கன்னு இருந்துச்சு. அதுக்காகத்தான் ஒன்னையக் கை தூக்கச் சொன்னேன்."

படங்கை இன்னொரு தடவை அலசிவிட்டு, "அவளக் கூப்பிட்டுக் கூப்பிட்டே ஒன்னைய யாரும் கூப்பிடாமப் போச்சு. எங்க கைநாட்டு வைக்கணும், சொல்லு," என்றாள்.

அக்கா, இதெல்லாம் அப்பாவின் அலட்சியம் என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அம்மா உன்னை என் மேல் ஏற்றி வளர்த்திருக்கிறாள். எனக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. அவளை அணைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. படங்கின் மறுமுனையைப் பிடித்து, இரண்டு பேருமாகப் பிழிந்து கொடியில் போட்டோம்.

வருகிற செவ்வாய்க்கிழமை போகிறோம். பயமாகத்தான் இருக்கிறது. வேலை போனாலும் போகலாம், போனால் வேறு வழி பார்ப்பேன். முதலில் உன் இறப்பு, பிறகு என் பிறப்பு. அந்த வரிசையில்தான் செய்ய முடியுமாம்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உன் விண்ணப்பத்தை வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டேன், நானே நிரப்புவேன். வயது என்ற இடத்தில் ஒன்பது மாதம் என்று எழுதுவேன். உன்னிடம் நான் வாங்கிக்கொண்ட வருடங்களில் ஒன்றைக்கூட அதில் சேர்க்க மாட்டேன். நீ உன் வயதோடு இரு.

இப்படிக்கு,
இந்தப் பெயரை முதன்முதலாகக் காகிதத்தில் எழுதுகிற உன் தங்கை,
ரேவதி